தேங்காயைத் தட்டும் விரல் போதும்

கேள்வி: திருச்சி காந்தி மார்க்கெட்டில் தேங்காய் மண்டி வைத்திருக்கிறேன். நாகப்பட்டினத்தில் இருக்கும் மைத்துனர், பழைய ஃபைபர் படகு ஒன்றில் பங்கு சேரச் சொல்கிறார். "புதுசு மாதிரியே இருக்கு மாமா" என்கிறார். நம்பலாமா?

பதில்: புதுசு மாதிரி இருப்பதுதான் பயமே! விற்கப்போகும் படகுக்குப் புதுப் பெயிண்ட் எதற்காம்? தேங்காயைச் சுண்டியே முற்றலா, அழுகலா என்று சொல்லிவிடுகிற ஆள் நீங்கள். படகையும் அப்படியே தட்டிக்கொண்டு போங்கள். 'டங்' என்றால் சரி. 'தொப்' என்றால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம்.

அதைவிட முக்கியம், எஞ்சின் மாட்டும் பின்பலகை. பெரும்பாலும் ஃபைபருக்குள் பிளைவுட் வைத்திருப்பார்கள். போல்ட் ஓட்டை வழியே தண்ணீர் இறங்கிவிட்டால் வெளியே பளபளப்பு, உள்ளே உளுத்த மரம். எஞ்சினின் அடிப்பாகத்தைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். பலகையும் சேர்ந்து ஆடினால், ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திருச்சி பஸ்ஸில் ஏறிவிடுங்கள்.

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையில் ஃபைபர் படகுகள் குவிந்தன. அவசரத்தில் செய்தவையும் அதில் உண்டு. அதனால் வயதைக் கேளுங்கள். மீன்வளத் துறைப் பதிவு யார் பெயரில் என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள், கேட்பது மைத்துனரே ஆனாலும்!