லைன்ல இருக்காரு, பேசுங்க

சிலர் காரில் பிரேக் வைத்திருப்பதே போலீஸைப் பார்த்தால் மிதிப்பதற்குத்தான். அந்த ரகத்தில் மூத்தவர் நம்ம ‘ஆள் இருக்கு’ அண்ணன். திருப்பதி தரிசனத்துக்கு ஆள், ஸ்கூல் சீட்டுக்கு ஆள், கேஸ் சிலிண்டர் ஒரு நாள் முந்தி வரவும் ஆள். இத்தனை பேரைச் சும்மா வைத்திருக்கலாமா என்றுதான் அவர் வேகமாகவே போகிறார் என்று எனக்கொரு சந்தேகம்.

நீலாங்கரைப் பக்கம் ஒரு போலீஸ்காரர் துப்பாக்கி மாதிரி ஒன்றைப் பிடித்தபடி நிற்கிறார். ரேடார் கன். அதிலிருந்து குண்டு வராது, நம்பர்தான் வரும். வந்தது 84. சென்னைக்குள் 2023 நவம்பரிலிருந்து காருக்கு 60, பைக்குக்கு 50, ஆட்டோவுக்கு 40 என்று கணக்கு.

“ஓரங்கட்டுங்க சார். லைசென்ஸ், ஆர்.சி., இன்ஷூரன்ஸ்.”

மூன்றும் டிஜிலாக்கரில் இருந்தால் போதும், செல்போனிலேயே காட்டலாம். அண்ணனும் செல்போனைத்தான் எடுக்கிறார். ஆனால் விரல் போகிற இடம் வேறு. ‘செக்ரட்டேரியட் குமார் புது’, ‘செக்ரட்டேரியட் குமார் பழசு’, ‘கமிஷனர் ஆபீஸ் டிரைவர் தம்பி’, ‘கல்யாணத்துல பார்த்த டி.எஸ்.பி.’ முதல் மூவரும் எடுக்கவில்லை. டி.எஸ்.பி. எடுத்து, “யாரு?” என்றார். அதற்கு அண்ணனிடம் பதில் இல்லை.

கடைசியாக, வாக்கிங்கில் பழகிய ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர் கிடைத்தார். அண்ணனுக்கு முகமெல்லாம் பல். “சார், லைன்ல இருக்காரு, ஒரு வார்த்தை பேசுங்க” என்று போனை நீட்டினார். எஸ்.ஐ. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். போனை மட்டும் வாங்கவே கூடாது என்று அனுபவம் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. வேறு வழியின்றி அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார். “கட்டிட்டுப் போயிடுப்பா, போன வாரம் நானே கட்டினேன்” என்றது குரல்.

அதற்குள் எஸ்.ஐ. இ-சலான் மெஷினில் வண்டி நம்பரைத் தட்டிவிட்டார். பாவம், அந்த மெஷினைச் செய்தவர்கள் வண்டி நம்பருக்கு இடம் விட்டார்கள், குற்றத்துக்கு இடம் விட்டார்கள். மாமனுக்கும் மச்சானுக்கும் விட மறந்துவிட்டார்கள். தட்டியதும் பழைய பாக்கிகளும் எட்டிப்பார்த்தன: ஒரு நோ பார்க்கிங், ஒரு சிக்னல் ஜம்ப். அண்ணி பக்கத்து சீட்டிலிருந்து அதைப் படித்துவிட்டதுதான் அன்றைய பெரிய அபராதம்.

“என்ன சார், பழைய சட்டத்துல நானூறுதானே?” என்று அண்ணன் சட்டத்துக்குத் தாவினார். 1988 சட்டத்தில் அப்படித்தான் இருந்தது. 2019 திருத்தத்துக்குப் பின் தொகை ஏறி, தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து காருக்கு 1000.

“லைசென்ஸை மூணு மாசம் சஸ்பெண்ட் பண்ணச் சொல்லி ஆர்.டி.ஓ.வுக்கும் எழுதலாம் சார். எழுதட்டுமா?”

அண்ணன் ஜிபேயைத் திறந்த வேகத்தை ரேடார் அளந்திருந்தால் இன்னொரு சலான் வந்திருக்கும்.

சாயங்காலம் டீக்கடையில் அவரைச் சுற்றி நாலு பேர். “இருபதாயிரம்னு ஆரம்பிச்சான். நம்ம ஆள் ஒரு வார்த்தை சொன்னாரு பாரு, ஆயிரத்தோட விட்டுட்டான்” என்று டம்ளரை ஆற்றினார். பிறகு என் பக்கம் திரும்பி, “தம்பி, உனக்கும் ஏதாவதுன்னா தயங்காம கூப்பிடு.”