சைடு மிரர் இயல்: மூலமும் உரையும்

பாயிரம்

நூல் எழுதப் புகுவோர் முதலில் எல்லை கூற வேண்டும் என்பது மரபு. இந்நூலுக்கு எல்லை வலப்புறம் ஓட்டுநர் கதவு, இடப்புறம் அதற்கு நேர் எதிர்க் கதவு. இரண்டுக்கும் நடுவே கிடக்கும் கார் நமக்கு வேண்டியதில்லை. மைலேஜ், என்ஜின், சன்ரூஃப் பற்றிப் பேச ஊரில் ஆள் இருக்கிறது. கதவோரம் நீட்டிக்கொண்டு, யாராவது இடித்தால் ‘டக்’கென்று மடங்கி, இழுத்துவிட்டால் மறுபடி ‘டக்’கென்று நிமிரும் சைடு மிரருக்குத்தான் நாதியில்லை. ஆகவே நூற்பாக்களை யாமே இயற்றினோம். பிறர் உரை எழுதினால் பொருளைக் கெடுத்துவிடுவார்கள் என்பதால் உரையும் யாமே செய்தோம். மறுப்பு நூல் தேவைப்படுவோர் சொல்லியனுப்புக; அதையும் யாமே எழுதித் தருவோம்.

இது முதல்நூல் அன்று, வழிநூல். முதல்நூல், ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வெளியிட்ட 46-ஆம் எண் ஒழுங்குமுறை. வண்டிக் கண்ணாடிக்கென்றே பக்கம் பக்கமாக எழுதி, ஓரிடத்திலும் சிரிக்காத நூல் அது. நம் நாட்டின் ஏஐஎஸ்-001, ஏஐஎஸ்-002 தரநிலைகளும் இதே பொருள்மேல் எழுந்தவை.

முன்னோர் இருவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு மேலே செல்வோம். டோரதி லெவிட் என்ற ஆங்கிலேயப் பந்தய வீராங்கனை 1909-இல் வெளியிட்ட நூலில், காரோட்டும் பெண்கள் சிறு கைக்கண்ணாடி ஒன்றை அருகில் வைத்துக்கொண்டு, அவ்வப்போது தூக்கிப் பிடித்துப் பின்னால் வருவதைப் பார்க்கலாம் என்றார். மடங்கும் கண்ணாடியின் முதல் வடிவம் அதுவே என்பது எம் துணிபு. அதற்குக் கீல் முழங்கை; ஸ்பிரிங் தசை; இடிபடும் என்று தோன்றினால் தானே உள்ளே வந்துவிடும். அடுத்தவர் ரே ஹாரவுன். 1911-இல் நடந்த முதல் இண்டியானபோலிஸ் 500 பந்தயத்தில், மார்மன் வாஸ்ப் காரில் கண்ணாடியை அசையாதபடி பொருத்திக்கொண்டு ஓட்டி வென்றார். செங்கல் பாவிய தடத்தில் அது நடுங்கிய நடுக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டதாகச் சொல்வர். விறைப்பைத் தேடியவர் காட்சியை இழந்தார் என்று இதற்கு நுட்பம் உரைப்பாரும் உளர். அது மிகை.

நூற்பா 1

அகலம் அளப்புழி ஆடியை நீக்கி
அளந்தனர் கொள்ப கார்வல் லோரே.

என்பது என் நுதலிற்றோ எனின், காருக்கும் கண்ணாடிக்கும் உள்ள உறவு உணர்த்துதல் நுதலிற்று.

இதன் பொருள்: காரின் அகலம் இவ்வளவு என்று விளம்பரத் தாளில் அச்சிடுவோர், பெரும்பாலும் கண்ணாடியை விட்டுவிட்டே அளந்து அச்சிடுவர். சட்டமும் அவர்கள் பக்கமே. தாழ்வாக அமைந்த கண்ணாடி, வண்டியின் அகலத்துக்கு வெளியே 250 மில்லிமீட்டர் வரை நீளலாம் என்கிறது முதல்நூல். அந்த அகலத்தையும் கண்ணாடியை நீக்கி அளக்கச் சொல்கிறது. இடம் 250, வலம் 250. ஆக, கணக்கில் வராத அரை மீட்டர் வரை ஒவ்வொரு காருக்கும் தெருவில் அனுபவ பாத்தியதை உண்டு. பட்டா இல்லை, வரி இல்லை, கிஸ்தி இல்லை.

அஃதேல், கண்ணாடி காரைச் சேர்ந்ததோ தெருவைச் சேர்ந்ததோ எனின், நிமிர்ந்திருக்கையில் தெருவையும் மடங்கியிருக்கையில் காரையும் சேர்ந்தது என்க. விளம்பரத் தாளை நம்பிக் கேட்டுக்கு அளவு கொடுப்பதும், கிரகப்பிரவேசத்தன்று புதுக் கார் உள்ளே நுழைகையில் மொத்தக் குடும்பமும் இரு பக்கமும் நின்றுகொண்டு, “மாப்ள, மிரர மடக்கு! மிரர மடக்கு!” என்று கூவுவதும் இந்நூற்பாவை ஓதாமையால் வருவன.

நூற்பா 2

முட்டிய பொழுதே மடங்கல் கடனே;
முன்னும் பின்னும் அதற்கிரு வழியே.

பொருள் வெளிப்படை. ஆனால் யாருக்காக மடங்குகிறது என்ற இடத்தில்தான் உலகம் மயங்குகிறது. கார்க்காரரைக் கேட்டால், “பார்க்கிங்குக்குத்தான்” என்பார். ஷோரூமில் கேட்டாலும் அதையே சொல்வார்கள். முதல்நூல் அப்படிச் சொல்லவில்லை. அது சொல்லும் சோதனை வருமாறு.

165 மில்லிமீட்டர் விட்டமுள்ள கெட்டி உருண்டை ஒன்றை எடுக்க. அதன்மேல் 5 மில்லிமீட்டர் கனத்தில் ரப்பர் உறை போர்த்துக. ஒரு மீட்டர் நீளக் கோலில் ஊசலாகத் தொங்கவிடுக. மோதும் இடத்துக்குக் கணக்கிட்ட நிறை 6.8 கிலோ. செங்குத்திலிருந்து 60 பாகை தூக்கி, கண்ணாடியின்மேல் விடுக. முகம் தெரியும் பக்கம் ஒரு முறை, முதுகுப் பக்கம் ஒரு முறை.

ஏதோ ஓர் உருண்டை என்று கடந்துவிடலாகாது. 165 மில்லிமீட்டர் என்பது தலை. கார்ச் சோதனைக் கூடங்களில் மனிதத் தலைக்குப் பதிலாக வைக்கும் உருண்டைக்கு அதுதான் வழக்கமான அளவு. இனித் தேர்ச்சி விதியைக் காண்க: மோதிய பின் ஊசல் நின்றுவிடக் கூடாது, கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு போய் மறுபக்கம் குறைந்தது 20 பாகையாவது ஏற வேண்டும். சில்லு சிதறக் கூடாது என்றும் விதி உண்டு. ஆனால் முதன்மையான கேள்வி, தலை தொடர்ந்து போயிற்றா என்பதே.

பள்ளிக்கூடக் கணக்கு போட்டுப் பார்த்தோம். அப்படி விழும் ஊசல் அடிக்கு வரும்போது மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் வேகத்தில் வரும். அவசரம் இல்லாத சைக்கிள்காரரின் வேகம். மறுபக்கம் 20 பாகை ஏற, வந்த ஆற்றலில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு மிஞ்சினால் போதும். ஆகவே கண்ணாடி எட்டில் ஏழு பங்கை விழுங்கிக்கொள்ளலாம். மீதி ஒரு பங்கோடு தலையைப் போகவிட்டுவிட வேண்டும். விறைத்துக்கொண்டு நிற்கும் கண்ணாடி எட்டையும் தானே வாங்கிக்கொண்டு ஊசலை அங்கேயே நிறுத்திவிடும். பரீட்சையில் தோற்பது கண்ணாடி. தெருவில் தோற்பது வேறு.

அமெரிக்கத் தரநிலை 111-உம் கண்ணாடி வளைந்துகொடுக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. ஆனால் அது சொல்வது காருக்குள் இருக்கும் கண்ணாடியை. தலை படக்கூடிய இடத்தில் இருந்தால், 400 நியூட்டன் விசைக்கு, அதாவது ஏறக்குறைய 40 கிலோ பாரம் அழுத்தும் அழுத்தத்துக்கு, அது விலக வேண்டும், அல்லது மடிய வேண்டும், அல்லது கழன்றுவிட வேண்டும். வெளிக் கண்ணாடிக்கோ, நடப்பவரைக் காயப்படுத்தும் கூர்முனை இல்லாதிருந்தால் சரி என்று விட்டுவிடுகிறது. டிக்கெட் எடுத்தவர் தலைக்கு ஒரு நியாயம், வழிப்போக்கர் தலைக்கு ஒரு நியாயம். ஐரோப்பிய நூலார் இரு தலைக்கும் ஒரே உருண்டையைத்தான் தொங்கவிட்டார்கள்.

‘முன்னும் பின்னும்’ என்றதனால் பெற்றது என்ன எனின், மோதல் இரு திசையிலும் வரும் என்பது. முன்னே போகும் கார் ஒருவர் முழங்கையில் பட்டால் கண்ணாடி பின்பக்கம், கதவை நோக்கி மடங்கும். ரிவர்ஸ் எடுக்கையில் கேட் தூணில் பட்டாலோ, பின்னாலிருந்து வரும் பைக் தட்டினாலோ முன்பக்கம், போனட்டை நோக்கி மடங்கும். ஒரு பக்கம் மட்டும் மடங்குவதற்கு அரைக் கண்ணாடி என்று பெயரிடுகிறோம்.

பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது மிகக் கொஞ்சம். நடுவே குழாய் போன்ற ஓர் அச்சு. கண்ணாடியைத் திருப்பும் மோட்டாருக்கும் இண்டிகேட்டருக்கும் போகும் வயர்கள் அதன் உள்ளே. அச்சைச் சுற்றி ஒரு தடித்த ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்கும் இரண்டு வளையங்கள். ஒன்றில் மேடு, மற்றதில் பள்ளம். இந்த மேட்டின் சரிவு எத்தனை பாகை என்பதில்தான் வடிவமைப்பாளரின் உயிர் இருக்கிறது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று கண்ணாடியை மடக்கப் பார்க்கும். அதற்கு அசையக் கூடாது. அசைந்தால் பின்னால் வரும் லாரி இரண்டாகத் தெரியும். அதே கண்ணாடி ஒரு பாட்டியின் தோள் பட்டால் உடனே வழிவிட வேண்டும். காற்றுக்கு மசியாமல் கைக்கு மசிய வேண்டும். பஞ்சாயத்துத் தலைவர்களிடம்கூட நாம் இவ்வளவு எதிர்பார்ப்பதில்லை. சரிவு இதைத் தீர்க்கிறது: ஓர் அளவு வரை விசையைத் தாங்கி நின்று, அளவைத் தாண்டியதும் மேடு பள்ளத்தை விட்டு ஏறி, அதன்பின் சுலபமாக வழுக்கிக்கொண்டு போகிறது. நாம் கேட்கும் ‘டக்’, மேடு அடுத்த பள்ளத்தில் விழும் ஓசை.

நூற்பா 3

மடக்கியே ஓட்டலும் மரபென மொழிப
சென்னை முதலிய செறிதெரு வோரே.

இது புறனடை போலத் தோன்றினும் நூலின் உயிர்நிலை இதுவே.

சென்னையில் எந்த சிக்னலிலும் நின்று பார்க்க. இடப்பக்கக் கண்ணாடி கதவோடு ஒட்டி உறங்க, கார் மட்டும் விழித்துக்கொண்டு போகும் காட்சி கிடைக்கும். பைக்கின் ஹேண்டில்பார் முனையும் காரின் கண்ணாடியும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் அமைந்துவிட்டதே இதற்கு மூலகாரணம். கால் டாக்ஸி ஓட்டுநர் ஒருவரிடம் கள ஆய்வு நிகழ்த்தினோம்.

“ஏண்ணே மிரர மடக்கியே வெச்சிருக்கீங்க?”

“தொறந்து வெச்சா பைக்காரன் தட்டிட்டுப் போயிடுவான் சார். மாத்தணும்னா முழு செட்டா மாத்துன்றான்.”

“பின்னாடி வர்றது தெரிய வேணாமா?”

“வர்றவன் ஹாரன் அடிப்பான்ல?”

இவ்விடை அறியாமை அன்று, கொள்கை. லாரிகளின் முதுகில் ஹாரன் அடிக்கச் சொல்லி எழுதியிருப்பதும் இதன்பாற் படும். பின்னால் வருவதைக் காணும் பொறுப்பை முன்னால் போகிறவர் பின்னால் வருபவரிடமே ஒப்படைத்துவிட்டார். கார்க் கம்பெனிகளும் இதை நெடுங்காலம் மதித்தன. 2009-இல் வந்த டாடா நானோவின் அடிப்படை மாடலில் ஓட்டுநர் பக்கம் மட்டுமே கண்ணாடி இருந்தது. இடப்பக்கம் மடக்குவதற்கே ஒன்றும் இல்லை.

வழிப்போக்கரின் தலையைக் காப்பதற்காக மடங்கும்படி செய்த பொருளை, வழிப்போக்கரின் முழங்கையிலிருந்து காப்பதற்காக மடக்கி வைத்தோம். பார்ப்பதற்கென்று வாங்கியதைப் பழுதாகிவிடுமே என்று பாராமல் வைத்திருக்கிறோம். ஷோகேஸில் பூட்டிய பீங்கான் கோப்பையில் இதுவரை ஒருவரும் காபி குடிக்காத வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்பு இராது.

மடக்குவோருள் தலையாயவர் தண்ணீர் லாரிக் கிளீனர். திருவல்லிக்கேணிச் சந்து ஒன்றில் இரு பக்கமும் கார்கள் நிற்க, நடுவே லாரி நுழைய வேண்டும். அவர் குதித்து இறங்கி, ஒரு கையால் லாரியின் பக்கவாட்டுத் தகட்டைத் தட்டி, “வா வா வா… லெஃப்ட் ஒடிச்சு வா” என்று ஓட்டுநரை அழைத்துக்கொண்டே, மறு கையால் வரிசையாகக் கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு போவார். கவனிக்க வேண்டியது கை வைக்கும் இடம். விரல் படாது, உள்ளங்கையின் அடிப்பகுதி, கண்ணாடிக் கூட்டின் வெளி ஓரத்தில், ஒரே தள்ளு. அச்சிலிருந்து தள்ளிப் பிடித்தால் குறைந்த விசை போதும் என்ற நெம்புகோல் விதியை அவர் எந்தப் பள்ளியிலும் கற்றிருக்க வேண்டியதில்லை. லாரி போன பின் நிமிர்த்திவிடுவாரா எனின், நிமிர்த்தார். அதற்கு நூல் விதி இல்லை. சுவாமி புறப்பாட்டின்போது மடக்குவோரும் அவ்வாறே.

நூற்பா 4

விசையால் மடங்குவ விரலால் மடங்கா;
எனினும் மடக்குப எதிர்வரு வோரே.

இது பொத்தானை அழுத்தினால் தானே மடங்கும் கண்ணாடிக்கு விதி கூறுகின்றது.

ஜப்பானில் 1983 வரை கண்ணாடிகள் கதவில் அல்ல, முன் சக்கரத்துக்கு மேலே நீண்ட காம்பில் நின்றன. அவ்வாண்டில் கதவுக் கண்ணாடிக்கு அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டே நிசான் லாரல் காரில் மோட்டாரால் மடங்கும் கண்ணாடி வந்துவிட்டது. ஒரு தேசம் முழுவதும் நெருக்கியடித்துக் கார் நிறுத்துகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 2016-இல் கண்ணாடிக்குப் பதில் கேமராவே போதும் என்று முதல்நூல் திருத்தப்பட்டது. 2018-இல் ஜப்பானில் லெக்சஸ் இஎஸ் அவ்வாறு வந்தது. அந்தக் கேமராவின் காம்பையும் மடக்கத்தான் வேண்டியிருக்கிறது.

மோட்டார் மடக்கியில் ஒரு நுட்பம் உண்டு. உள்ளே இருக்கும் திருகுப் பற்சக்கரம் மோட்டார் பக்கமிருந்து திருப்பினால் சுற்றும். கண்ணாடிப் பக்கமிருந்து தள்ளினால் சுற்றாது. அப்படியே விட்டால் இடித்தவுடன் பல் உடையும். உருண்டைச் சோதனையும் தேறாது. ஆகவே பற்சக்கரத்துக்கும் கூட்டுக்கும் நடுவே பழைய மேடு பள்ள வளையத்தையே மறுபடி வைத்தார்கள். யாராவது கையால் தள்ளினால் வளையம் நழுவும், பல் பிழைக்கும். ஆனால் மோட்டாருக்கு நடந்தது தெரியாது. கண்ணாடி இன்னும் தான் விட்ட இடத்திலேயே நிற்கிறது என்று அது நம்பிக்கொண்டிருக்கும்.

மறுநாள் காலை கார்க்காரர் பொத்தானை அழுத்துவார். கண்ணாடி கோணலாக நின்று, உள்ளே ‘டடக்’ என்று ஏதோ முறிந்தது போல ஓசை வரும். அவர் கலங்கி சர்வீஸ் சென்டருக்கு ஓட, அங்கே அசெம்பிளி போயிற்று, முழுதாக மாற்ற வேண்டும் என்பர். அவ்வோசை பெரும்பாலும் நழுவிய வளையம் தன் பள்ளத்துக்குத் திரும்பும் ஓசையே. எனவே பணத்தை எடுக்குமுன் பொத்தானை அழுத்தி ஒரு முறை முழுதாக மடக்கி, ஒரு முறை முழுதாக விரித்துப் பார்க்க. அதன் பின்னும் கண்ணாடி ஆடினால் ஸ்பிரிங் போயிற்று என்க.