தொண்டையைப் பார்த்த பாட்டு வாத்தியார்

மருத்துவக் கல்லூரிக்குக் காது மூக்கு தொண்டைப் பேராசிரியர் தேடும் விளம்பரம் ஒன்றை எடுத்துப் படியுங்கள். காலையில் ஓ.பி., பிறகு ஆபரேஷன், மத்தியானம் வகுப்பு, மீதி நேரத்தில் ஆராய்ச்சி. ஒரே ஜாதகத்தில் இத்தனை பொருத்தம் கேட்கக் கல்யாணத் தரகரே கூச்சப்படுவார். மூன்று ஆள் வேலை, ஓராள் சம்பளம். வருகிறவர்களைச் சலிக்கச் சல்லடையும் உண்டு: உதவிப் பேராசிரியர் இணைப் பேராசிரியராக வேண்டுமானால் நான்காண்டு அனுபவமும் இரண்டு ஆய்வுக் கட்டுரைகளும் வேண்டும். கட்டுரையை எண்ணிவிடலாம், கைப்பழக்கத்தை எப்படி எண்ணுவது? ஓர் உதாரணம்: 1854-ல் பல் வைத்தியர் கண்ணாடியையும் வெயிலையும் வைத்துக்கொண்டு தன் குரல்நாண் அசைவதைத் தானே பார்த்தவர் மானுவல் கார்சியா. லண்டனில் பாட்டு வாத்தியார். மறு ஆண்டு ராயல் சொசைட்டியின் முன் அதைப் பற்றி அவர் கட்டுரை வந்தது. நாமாக இருந்தால், "இன்னொன்று எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று அனுப்பியிருப்போம்.

அதற்காகப் பாட்டு வாத்தியாரிடம் கத்தியைக் கொடுக்கச் சொல்லவில்லை, எம்.எஸ். பட்டம் இருக்கட்டும். எண்ணிக்கையை விட்டால் சிபாரிசு புகுந்துவிடும் என்பார்கள். நியாயமான பயம்தான். ஆனால் கட்டுரையில் பெயர் சேர்வதற்கே சிபாரிசு நடக்கிற ஊரில், அந்தக் கதவுக்கு ஏற்கெனவே தாழ்ப்பாள் கிடையாது.

இந்தத் துறையில் சொல்லிக்கொடுப்பதே தனி வித்தை. வயிற்று ஆபரேஷனை நாலு மாணவர்கள் சுற்றி நின்று பார்க்கலாம். காதுக்குள் இருக்கும் அங்கவடி எலும்போ மூன்று மில்லிமீட்டர் சொச்சம். மாணவருக்குத் தெரிவது டாக்டரின் முதுகும் ஒரு திரையும். செய்துகொண்டே பேசத் தெரிந்தால்தான் பாடம். அந்த எலும்பில் செய்யும் ஆபரேஷனில் பல நேரம் நோயாளி மரத்துப்போகும் ஊசியோடு விழித்தே படுத்திருப்பார். "ஐயையோ" என்ற சொல் மட்டும் ஆசிரியர் வாயில் வரவே கூடாது.

ஆகவே கட்டுரையை எண்ணுவதோடு நிற்காமல் கையையும் வாயையும் சோதித்துப் பாருங்கள். நோயாளியை வைத்தா பரீட்சை என்று பதற வேண்டாம். இறந்தவர் உடலிலிருந்து எடுத்த காதெலும்பில் டிரில் பிடித்துத்தான் மாணவர்கள் பழகுகிறார்கள். பேராசிரியராக வருபவரிடமும் ஒன்றைக் கொடுத்து, பக்கத்தில் இரண்டு மாணவர்களை உட்கார வையுங்கள். முகநரம்பை நெருங்கும்போது கை நிதானப்படுகிறதா, சூட்டில் நரம்பு கெடாமல் தண்ணீர் விடுகிறாரா, ஏன் விடுகிறார் என்று மாணவருக்குச் சொல்கிறாரா? அரைமணியில் தெரிந்துவிடும். தேர்வுக் குழுவினரே, அடுத்த நேர்காணலை டிரில் இருக்கும் அறையில் வையுங்கள்; டீயும் பிஸ்கட்டும் அப்புறம்.