கரண்ட் அடுப்பின் சிவப்பு விளக்கு: பெங்களூரு அடுப்படியை முன்வைத்து ஓர் ஆய்வு

1. முன்னுரை

பயனுள்ள பொருள்களைப் பற்றிய ஆய்வேடுகளுக்குப் பஞ்சமில்லை. எந்த வேலையும் செய்யாத ஒரு பொருள், அதையும் செய்யாமல் நிறுத்திக்கொண்டால் வீட்டில் என்ன நடக்கும் என்பதைத்தான் அறிஞர்கள் கண்டுகொள்ளவில்லை. அக்குறையைப் போக்க முனைகிறது இவ்வாய்வு.

ஆய்வுப்பொருள், கரண்ட் அடுப்பின் குமிழுக்குப் பக்கத்தில், சிவப்பு மூடிக்குள் சுண்டுவிரல் நக அளவில் இருக்கும் விளக்கு. இது சோறு வடிக்காது, பால் காய்ச்சாது. இது எரியாவிட்டாலும் உலை கொதிக்கும். எனினும் இது அணைந்த நாள்முதல் இது இருக்கும் வீட்டில் குழம்பைப் பற்றிய பேச்சு ஓய்ந்து, விளக்கைப் பற்றிய பேச்சே நடக்கிறது.

ஆய்வின் எல்லை: கேஸ் அடுப்பு இதில் அடங்காது, அதன் விளக்கு அதன் நெருப்பே. இண்டக்‌ஷன் அடுப்பும் அடங்காது. அங்கே விளக்கு போனால் போர்டையே மாற்றச் சொல்வார்கள். அது வணிகவியல் துறையைச் சார்ந்தது.

2. ஆய்வுக்களம்: பெங்களூரு ஏன்?

இக்கேள்விக்கு இரு விடைகள் உண்டு. முதலாவது, கரண்ட். சிவனசமுத்திரத்தில் காவிரி விழும் இடத்தில் எடுத்த மின்சாரம் 1902-இல் கோலார் தங்கவயலுக்குப் போனது. 1905 ஆகஸ்ட் 5 அன்று பெங்களூருத் தெருவில் விளக்காக எரிந்தது. அடுப்பு, வெந்நீர் எல்லாவற்றையும் கரண்டிலேயே நடத்தும் வீடுகளுக்கு இவ்வூர் மின்கட்டணத்தில் ‘ஆல் எலக்ட்ரிக் ஹோம்’ என்றே ஒரு வகை இருந்தது; மூத்தவர்கள் வாயில் அது ஏ.இ.எச். மீட்டர். 2002-இல் பெஸ்காம் என்ற மின் நிறுவனம் வந்த பிறகும், கரண்ட் போனால் பழைய மின்வாரியத்தின் பெயரிலேயே “கே.இ.பி.க்கு போன் பண்ணு” என்று சொல்லும் தலைமுறை அது.

இரண்டாவது விடைதான் இவ்வாய்வின் தனிப்பங்களிப்பு. அந்தச் சிவப்பு மூடிக்குள் இருப்பது நியான் வாயு. அதைக் காற்றிலிருந்து பிரித்துக் கண்டவர்கள் இருவர்: வில்லியம் ராம்சே, மோரிஸ் டிராவர்ஸ். இடம் லண்டன், ஆண்டு 1898. பின்னர் ஜே.என். டாடா இந்தியாவில் ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்க முனைந்தபோது, அதற்கு இடம் பார்த்துச் சொல்லும்படி அழைக்கப்பட்டவர் ராம்சே; அவர் சுற்றிப் பார்த்துவிட்டுக் கைகாட்டிய ஊர் பெங்களூரு. இன்றைய இந்திய அறிவியல் கழகத்துக்கு முதல் இயக்குநராக 1906-இல் நியமிக்கப்பட்டவர் டிராவர்ஸ். 1914 வரை இருந்தார். அடுப்புக்குள் பழுக்கும் நிக்ரோம் கம்பிக்கு அமெரிக்காவில் ஆல்பர்ட் மார்ஷ் காப்புரிமை பெற்றதும் அதே 1906-இல். ஆக, நியானைக் கண்ட இருவரில் ஒருவர் இடம் பார்த்துக் கொடுக்க, மற்றவர் வந்து நிர்வாகம் பார்த்த ஊர் இது. இவ்வூர் மல்லேஸ்வரத்து அடுப்படியில் நியான் விளக்கு அணைவது உள்ளூர் விவகாரமே என்பது இதனால் பெறப்படும்.

இவ்விடத்தில் ஒரு கணக்கையும் பதிவு செய்தல் வேண்டும். காற்றில் பத்து லட்சத்தில் 18 பங்கு நியான். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள அடுப்படியில் ஏறத்தாழ 28,000 லிட்டர் காற்று இருக்கும். அதில் அரை லிட்டர் நியான். அதாவது, விளக்குக்குள் நியான் படுத்துவிட்ட வீட்டில், விளக்குக்கு வெளியே அரை லிட்டர் நியான் சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது. இதை அவ்வீட்டு மாமியாரிடம் எடுத்துச் சொன்னதில் ஆய்வுக்கு எவ்விதப் பயனும் விளையவில்லை.

3. தகவலாளர்களும் கருதுகோள்களும்

தகவலாளர் 1 (மாமியார்): “லைட் போனதுலேர்ந்து அடுப்புல சூடே இல்ல. பருப்பு வேகவே மாட்டேங்குது.” இக்கருதுகோள் ஏற்புடையதன்று. 2,000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் எட்டரை ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. விளக்கு அதற்குப் பக்கவாட்டில் தனியாக இணைக்கப்பட்டது. அது எடுத்துக்கொள்வது ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. பருப்பு வேகாததற்குப் பருப்பே காரணம்.

தகவலாளர் 2 (மருமகள்): “லைட் எரியலன்னா கரண்ட் மிச்சம்தானே அத்தை?” இது அளந்து பார்க்கத்தக்கது. விளக்கின் செலவு கால் வாட்டுக்கும் குறைவு. தினம் மூன்று மணி நேரம் எரிந்தாலும் ஆண்டு முழுவதற்கும் கால் யூனிட்டைத் தாண்டுவது கடினம். கிருக ஜோதி திட்டத்தில் 2023 முதல் மாதம் 200 யூனிட் வரை இலவசமாக இருக்கும் மாநிலத்தில் இச்சேமிப்பை எங்கே வைப்பது என்பது அடுத்த சிக்கல்.

தகவலாளர் 3 (மாடி வீட்டு மென்பொருள் பொறியாளர்): “அது வெறும் டிஸ்ப்ளே பிராப்ளம் ஆன்ட்டி. அடுப்பு நல்லாத்தான் இருக்கு.” இதற்குத் தகவலாளர் 1 உடனே தொடுத்த எதிர்வினா: “நல்லா இருக்குன்னு உனக்கு யாருப்பா சொன்னது? லைட்டா சொல்லுச்சு?” இவ்வினாவுக்கு இன்றுவரை மறுப்பு இல்லை. ஆய்வின் மையமே இதுதான்: இவ்விளக்கின் ஒரே வேலை சாட்சி சொல்வது. சாட்சி வாய் மூடிக்கொண்டால் நடந்ததும் நடக்காததாகிவிடுகிறது.

4. சோதனைகள்

சோதனை 1. விளக்கு ஒரேயடியாகச் சாகவில்லை. சில வாரங்கள் படபடத்தது. விடியற்காலை இருட்டில் அதிகம் படபடப்பதும், டியூப் லைட்டைப் போட்டால் அமைதியடைவதும் கவனிக்கப்பட்டன. தகவலாளர் 1 இதைத் திருஷ்டி என்றார். இயற்பியல் வேறு சொல்கிறது. நியான் விளக்கு எரியத் தொடங்க அறுபது முதல் தொண்ணூறு வோல்ட் போதும். 50 சைக்கிள் கரண்ட்டில் அது நொடிக்கு நூறு முறை பற்றி நூறு முறை அணைகிறது. வயதாக ஆக உள்ளிருக்கும் உலோகக் கம்பிகள் தேய்ந்து துகளாகக் கண்ணாடியில் படிகின்றன. பற்றவைக்க வேண்டிய வோல்ட் ஏறிக்கொண்டே போகிறது. வெளிவெளிச்சம் பட்டால் கம்பியிலிருந்து எலக்ட்ரான்கள் சில கிளம்பி, பற்றுவதற்கு ஒரு கை கொடுக்கின்றன. இருட்டில் அந்த உதவி இல்லை. எனவே, வெளிச்சம் காட்டவென்று வைத்த விளக்கு எரிய இன்னொரு விளக்கு தேவைப்படும் நிலை உண்டு. அலுவலகங்களில் இதையே மேற்பார்வை என்பர்.

சோதனை 2. பொறியாளர் மல்டிமீட்டர் கொண்டுவந்து விளக்கின் இரு முனைகளில் வைத்தார். இணைப்பே இல்லை என்றது. கடையிலிருந்து வந்த புது விளக்கில் வைத்தார். அதற்கும் அதே பதில். மீட்டரின் சின்ன பேட்டரிக்கு நியான் மசியாது. வேண்டிய வோல்ட் வரும்வரை அது சுத்தமான தடைச்சுவர். நல்லதும் கெட்டதும் ஒரே விடை தரும் இக்கருவியை இச்சோதனைக்குப் பயன்படுத்துவது வீண்.

சோதனை 3. எலக்ட்ரீஷியன் வந்தார். “இந்த லைட்டுக்கா கூப்பிட்டீங்க? அடுப்பு எரியுதில்லம்மா?” என்று கேட்டுக்கொண்டே பிளக்கைப் பிடுங்கி, அடுப்பு ஆறும்வரை காபி குடித்தார். பின்பு கவிழ்த்து அடித்தகட்டைக் கழற்றினார். நான்கு திருகாணிகளில் ஒன்று பொங்கிய பால் பட்டுத் துருவேறி, எண்ணெய் விட்ட பிறகே அசைந்தது. உள்ளே கடுகு ஒரு பிடி, காய்ந்த கறிவேப்பிலை, கரப்பான் ஒன்றின் எஞ்சிய பகுதி. விளக்கின் கண்ணாடி உட்புறம் கரிபிடித்திருந்தது. சுருளுக்குப் போகும் ஒயரின் முனையில் பித்தளைக் கிளிப் சூட்டில் நிறம் மாறித் தொளதொளத்திருந்தது. மூடியின் பின்காதுகளை அமுக்கிப் பழையதைத் தள்ளி, எஸ்.பி. ரோட்டுக் கடையில் வாங்கிவந்ததை அழுத்தினார். ‘டக்’ என்று உட்கார்ந்தது. கிளிப்பைப் பிளையரால் இறுக்கி, ஒயருக்குச் சூடு தாங்கும் உறை மாட்டினார். விளக்கின் விலை ஒரு பை-டூ (அதாவது பாதி) காபியைத் தாண்டாது. அவர் குடித்ததோ முழுக் காபி.

5. ஒரு தடை, ஒரு விடை

விளக்கு இருந்தால் போதும், அது சொல்வதை நம்பலாம் என்பாரும் உளர். அவர்களுக்கு எலக்ட்ரீஷியன் சொன்னதே மறுப்பு. சில பழைய வீடுகளில் சுவிட்சை பேஸ் ஒயரில் கொடுக்காமல் நியூட்ரலில் கொடுத்திருப்பார்கள். அங்கே சுவிட்சை அணைத்தால் விளக்கு ஒழுங்காக அணையும், அடுப்பும் ஆறும். ஆனால் சுருள் முழுவதும் 230 வோல்ட் காத்திருக்கும். திறந்த சுருள் அடுப்பில் கம்பியால் எதையாவது நெம்பினால் அதோடு முடிந்தது. இதைக் கண்டுபிடிக்க அவர் பையிலிருந்து எடுத்தது டெஸ்டர். அதன் பிடிக்குள் இருப்பதும் ஒரு குட்டி நியான். ஒரு நியான் மறைத்ததை இன்னொரு நியான் காட்டிக்கொடுக்கிறது. ஆகவே எரியாத விளக்கு நிரூபிப்பது ஒன்றே ஒன்று: விளக்கு எரியவில்லை. அடுப்பில் கை வைக்குமுன் பிளக்கைப் பிடுங்குவதே ஆய்வுலகம் ஒருமனதாக ஏற்கும் முறை.

6. முடிவுகள்

அ. பழுதான விளக்கு சமையலைப் பாதிப்பதில்லை, சமைப்பவரைப் பாதிக்கிறது.

ஆ. புது விளக்கு மாட்டிய அன்றே பருப்பு குழைந்தது. பருப்பும் அன்றுதான் கடை மாற்றி வாங்கப்பட்டது என்ற தரவைத் தகவலாளர் 1 ஏற்க மறுத்துவிட்டார்.

இ. பழைய விளக்கை எறியவில்லை. “எதுக்காவது ஆகும்” என்று மசால் டப்பாவுக்குப் பின்னால் வைக்கப்பட்டுள்ளது.

7. மேலாய்வுக்குரிய களங்கள்

கீசர் விளக்கு அணைந்ததும் தண்ணீர் சூடாகிவிட்டதா, கரண்ட் போய்விட்டதா என்பதைக் கதவுக்கு வெளியிலிருந்து கத்திக் கேட்டு அறியும் முறைகள். டெஸ்டரைச் சட்டைப்பையில் செருகியிருப்பவருக்கு வீட்டில் கிடைக்கும் மரியாதை. அடுப்படி சுவிட்ச் போர்டில் எதற்கும் தொடர்பில்லாமல் ஒரு சுவிட்ச் இருந்துகொண்டிருக்கும் காரணம். கடைசி தலைப்புக்கு ஓர் ஆயுள் போதாது. நிதிநல்கை கிடைத்தால் தொடங்கலாம்.