ஒரு கை ஓசை

ஒரே ஊரில் தொலைக்காட்சி நிலையமும் நாளிதழும் ஒருவர் கையில் இருக்கக் கூடாது என்று அமெரிக்காவில் 1975 முதல் ஒரு விதி இருந்தது. ஒன்று மென்று விழுங்கியதை மற்றொன்று கக்க வைக்கும் என்ற எளிய கணக்கு. இணைய காலத்தில் வேலி எதற்கு என்று 2017-இல் தகவல் தொடர்பு ஆணையம் அதைப் பிடுங்கியது. 2021-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தலையாட்டியது. 2024 ஜனவரியில், சின்க்ளேர் தொலைக்காட்சி நிறுவனத்தின் செயல் தலைவர் டேவிட் ஸ்மித், 1837-இல் பிறந்த 'பால்டிமோர் சன்' நாளிதழை வாங்கினார். அச்சு ஊடகத்தை முன்பே மட்டம் தட்டிப் பேசியவர் அவர். பிடிக்காத பண்டத்தைத் தேடிப்போய் வாங்குகிறவரைக் கடைத்தெருவில் காண்பது அரிது.

வாங்கியது நிறுவனமல்ல, தனி மனிதர் என்பார்கள். பை வேறு, சட்டை ஒன்றுதானே! செய்தியறைகளை வெட்டிச் சுருக்கிய முந்தைய உரிமையாளரான ஆல்டன் முதலீட்டு நிறுவனத்திடம் கிடப்பதைவிட உள்ளூர்க்காரர் மேல் என்பதில் சாரம் உண்டு. ஆனால் உள்ளூர் முதலாளி என்றால் உள்ளூர்க் குரல் என்று பொருளில்லை. 2018-இல் சின்க்ளேரின் பல ஊர்ச் செய்தி வாசிப்பாளர்கள் ஒரே உரையைக் கிளிப்பிள்ளைகளாக ஒப்பித்தார்கள். உரையின் பொருளோ, பொய்ச் செய்தியால் ஜனநாயகத்துக்கு வரும் ஆபத்து! இணையத்தில் ஆயிரம் குரல் இருக்கிறதே என்பது கடைசி வாதம். இருக்கட்டும், தான் இயக்குநர் குழு உறுப்பினராக இருந்த மருத்துவ அமைப்புக்கே பால்டிமோர் மேயர் தான் எழுதிய குழந்தைகள் புத்தகங்களை விற்றதைத் தோண்டியெடுத்து, 2020-இல் புலிட்சர் வாங்கியது 'சன்' செய்தியறைதான். ஸ்மித் வந்தபின் அந்தத் தாளில் அதே ஊரில் சின்க்ளேர் நடத்தும் ஃபாக்ஸ்45 தொலைக்காட்சி நிலையச் செய்திகளும் அச்சாகின்றன.