மூன்று சுழி ஆப்பிள் பை

அமெரிக்காவில் நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமை நன்றி நவிலும் நாள். 1863-இல், உள்நாட்டுப் போருக்கு நடுவே லிங்கன் அறிவித்தது. அவர் சொன்னது கடைசி வியாழன். நான்காவதுதான் என்று 1941-இல் சட்டம் போட்டுத் தீர்த்துவைத்தார்கள். அன்றைக்கு ஊரே வான்கோழி சாப்பிடும். எங்களைப் போன்ற சைவக் குடும்பத்தை விருந்துக்கு அழைத்தால் கூப்பிட்டவருக்கும் சங்கடம், போகிறவருக்கும் சங்கடம். அதனால் பக்கத்து வீட்டுக்காரர் நாசூக்காக, "நீங்கள் இனிப்பு கொண்டுவாருங்கள்" என்று சொல்லிவிடுவார். அன்றைய இனிப்பு என்றால் பை. பூசணிக்காய் பையில் முட்டை சேரும். ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறாள். ஆகவே ஆப்பிள்.

மேல்மாவு கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும். ஆனால் சிலவற்றில் பன்றிக் கொழுப்பு இருக்கும். அட்டைக்குப் பின்னால் எறும்பெழுத்தில் போட்டிருப்பார்கள். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு அட்டையை இரண்டு விரலால் பிடித்து, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

எனவே வீட்டிலேயே செய்வதென்று முடிவாயிற்று. இரண்டரை கப் மைதா, 113 கிராம் வெண்ணெய்க் கட்டி இரண்டு, கொஞ்சம் உப்பு, ஐஸ் தண்ணீர். சூட்சுமமெல்லாம் வெண்ணெய் உருகாமல் பார்த்துக்கொள்வதில் இருக்கிறது. மாவுக்குள் அது பட்டாணி அளவுக்குத் துண்டு துண்டாகவே கிடக்கவேண்டும். ஓவன் சூட்டில் வெண்ணெயில் உள்ள தண்ணீர் ஆவியாகி மாவைத் தூக்கும்போதுதான் அடுக்கடுக்காகப் பொரியும். நாற்பது வருஷம் சப்பாத்தி மாவு பிசைந்த கைக்கு இதைவிடக் கொடுமை உண்டா? "திப்பி திப்பியா நிக்குதேடா, ரெண்டு தட்டு தட்டிடறேனே" என்று அம்மா கெஞ்சினாள். அவளைச் சமையலறையில் "தொடாதேம்மா" என்று சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருக்கும்.

மாவு ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் ஓய்வெடுக்கும். நாம் எடுக்க முடியாது. ஆப்பிள் நறுக்கவேண்டும், சர்க்கரை, பட்டைப் பொடி, எலுமிச்சைச் சாறு கலக்கவேண்டும். அம்மா ஏலக்காய் போட்டதை நான் பார்க்காத மாதிரி இருக்கவேண்டும்.

அலங்காரத்தில்தான் வந்தது வினை. சமையல் வீடியோக்களில் கடைசியாக, "உங்கள் சொந்தக் கைவண்ணத்தைக் காட்டுங்கள்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எங்கள் வீட்டில் நான்கு பேர், எட்டுக் கை. நான் மாவைப் பட்டை பட்டையாக வெட்டிப் பின்னல் போட ஆரம்பித்தேன். மனைவி எட்டிப் பார்த்து, "என்னங்க, கயித்துக் கட்டில் மாதிரி இருக்கு" என்றாள். பின்னல் கலைக்கப்பட்டது.

முழு மூடி போட்டாயிற்று. ஓரத்தை அழுத்தி மடிக்க நான் வீடியோவை மறுபடி ஓட்டிக்கொண்டிருக்கையில், அம்மா கட்டைவிரலால் மடித்து மடித்துத் தட்டை ஒரு சுற்று சுற்றி முடித்துவிட்டாள். "சோமாசி ஓரம்தானேடா, இதுக்கு என்ன படம் பாத்துண்டு?" மிஞ்சிய மாவை வெட்ட அவள் எடுத்தது சோமாசிக் கரண்டி. அதன் பல்சக்கரம் ஓடிய இடமெல்லாம் நெளி நெளியாக விழுந்தது. என் சிலிக்கான் கருவிகள் டப்பாவுக்குத் திரும்பின.

இங்கிலாந்தின் கார்ன்வாலில் அந்தக் காலத்தில் சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிக்கொடுத்த, சோமாசி போன்ற பேஸ்டியின் மூலையில் அவரவர் முதலெழுத்தைப் பதிப்பார்களாம், பாதி தின்று வைத்ததை அடுத்தவன் எடுத்துவிடாமல் இருக்க. இதை நான் வாய்விட்டுச் சொல்லியிருக்கக்கூடாது. தமிழ்ப் பள்ளிக்குப் போகும் மகள் மிச்ச மாவைக் கயிறாக உருட்டி மூடிமேல் 'நன்றி' எழுத உட்கார்ந்துவிட்டாள். எழுதியது 'நண்றி'. மூன்று சுழியையும் பொறுமையாகச் சுற்றி ஒட்டியிருந்தாள். திருத்தலாம் என்றால், பிய்த்தால் மூடியும் சேர்ந்து வரும்.

ஆவி போக மூடியில் ஓட்டை வேண்டும்; இல்லாவிட்டால் சாறு பொங்கி ஓரத்தைப் பிளந்துகொண்டு வரும். ண்-இன் புள்ளி இருக்கவே இருக்கிறது, அதை ஸ்ட்ராவால் குத்தினாள். ஒன்று போதாது, இன்னும் நாலு குத்து என்றேன். "ஐயோ அப்பா, ந் ஆயிடும்!" என்று இலக்கணத்துக்காகக் கையை விரித்து நின்றாள். மனைவிதான் எழுத்தைச் சுற்றிக் கோலப் புள்ளி வைத்து ஆவிக்கு வழிசெய்தாள். மேலே பளபளப்புக்கு முட்டை தடவச் சொல்வார்கள்; நாங்கள் பால் தடவினோம். சிவக்கும், அவ்வளவு மினுக்காது.

முதலில் 425 டிகிரி ஃபாரன்ஹீட், பிறகு 375. வெண்ணெய் இளகி மாவு பரவும்போது ண்-இன் இரண்டு சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. வெளியே எடுத்தபோது சாட்சாத் இரண்டு சுழி 'நன்றி'. தமிழ் வாத்தியார் ஐம்பது முறை இம்போசிஷன் எழுதவைத்துத் திருத்துவதை ஓவன் முக்கால் மணி நேரத்தில் திருத்தியிருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, மிக அழகான கொடி, உங்கள் ஊரில் இது என்ன பூ பூக்கும் என்று கேட்டார். மல்லிகை என்றாள் மகள், யோசிக்காமல்.

பைமேல் தமிழ் எழுத நினைக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எழுதி முடித்ததும் தட்டோடு ஃப்ரீசரில் இருபது நிமிஷம் வையுங்கள், எழுத்து அவ்வளவாகக் கலையாது. முடிந்தவரை ப, ட என்று கோடு போட்ட எழுத்தாகப் பார்த்து எழுதுங்கள். ஞ, ஔ பக்கம் தயவுசெய்து போகாதீர்கள்.