ஊரறிந்த ரகசியத்துக்கு வயது 300

கைகுலுக்கலைக்கூட ரகசியமாக வைத்திருக்கும் சகோதரத்துவ அமைப்பினரான ஃப்ரீமேசன்கள், 2017 அக்டோபரில் தங்கள் இங்கிலாந்துத் தலைமைச் சங்கத்தின் 300ஆவது பிறந்தநாளைக் கொண்டாடப் பிடித்த இடம், 5,000 பேர் கொள்ளும் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கம். அடக்கமான ரகசியம்தான்!

1717 ஜூன் 24 அன்று ‘கூஸ் அண்ட் கிரிடைரன்’ என்ற மதுக்கடையில் நான்கு கிளைகள் கூடிச் சங்கத்தைத் தொடங்கினவாம். இந்தக் கதையை அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் ஆண்டர்சன் அச்சேற்றியதோ 1738இல். ‘பிறந்ததே 1721இல்தான்’ என்று வரலாற்றாசிரியர்கள் இருவர் குட்டையைக் குழப்பினார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்க வயதைக் கூட்டிப் போட்ட கதைதான் போலும்.

ரகசியம் காப்பதில் இவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. சொந்தப் பிறந்த தேதியைத் தங்களுக்கே தெரியாமல் காப்பாற்றிவிட்டார்களே!